ஆண்கள் வார்டு, இரவு 7.52: ஒரு தாக்குதலின் நிகழ்வு ஆய்வு

வடசென்னையில் ஒரு மருத்துவமனை. இரண்டாம் மாடியில் 20 படுக்கை கொண்ட மனநல ஆண்கள் வார்டு. கீழே வருவது பயிற்சிக்காகத் தொகுத்த நிகழ்வு. ஒரே ஆளுக்கு நடந்ததும் அல்ல, ஒரே இடத்தில் நடந்ததும் அல்ல. ஆனால் இதில் உள்ள தவறுகளில் ஒன்றுகூட வார்டில் வேலை பார்த்தவர்களுக்குப் புதிதாக இருக்காது.

நோயாளி

31 வயது. காசிமேட்டிலிருந்து கிளம்பும் விசைப்படகில் வேலை. இருதுருவ மனநோய், முதல் மேனியா (மனம் அளவுமீறிக் கிளர்ந்த நிலை) 23 வயதில். மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் மாத்திரையில் நான்கு வருடம் நன்றாக இருந்தார். பல நாள் தங்கலுக்குப் படகில் போகத் தொடங்கியதும் மாத்திரை விட்டுப்போனது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதன் கடைசி வாரங்களில் தூக்கம் குறைந்தது, குடி கூடியது, கடன் வாங்கிப் பத்துப் பேருக்குச் செலவழித்தார். ஜூன் 11 அன்று அம்மாவும் தம்பியும் அழைத்து வந்தார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 89-ன் கீழ் சேர்க்கை. நியமனப் பிரதிநிதி, அதாவது சட்டப்படி நோயாளிக்குத் துணைநின்று அவர் சார்பில் பேசுபவர், அம்மா.

சோடியம் வால்ப்ரோயேட் 500 மி.கி. இருவேளை, இரவு 8 மணிக்கு ஒலான்சபின் 10 மி.கி., லோராசிபாம் 2 மி.கி. சிறுநீரகப் பரிசோதனை முடிவு வராததால் லித்தியம் தொடங்கவில்லை. அது சரியான முடிவு.

ஜூன் 13, சேர்க்கையின் மூன்றாம் நாள். தடைக்காலம் மறுநாள் முடிகிறது. படகில் தன் இடம் இருக்கிறதா, வேறு ஆளைப் போட்டுவிட்டார்களா என்பதுதான் அவருக்கு அன்று முழுக்க ஓடிய கேள்வி. மேனியாவில் வரும் ஆயிரம் எண்ணங்களில் இதுவும் ஒன்று என்று வார்டு எடுத்துக்கொண்டது. அப்படியில்லை. அது நிஜமான பிழைப்புக் கவலை.

நடந்தது

மாலை ஷிஃப்டில் ஸ்டாஃப் நர்ஸ் இருவர், ஆண் அட்டெண்டர் ஒருவர், ஆயாம்மா ஒருவர். டியூட்டி டாக்டர் கேஷுவாலிட்டியையும் சேர்த்துப் பார்க்கிறார். செக்யூரிட்டி தரைத்தளத்தில்.

5.40-க்குத் தம்பி பார்க்க வந்துவிட்டுப் போனார். அவர் போனதும் படகு ஓனருக்கு ஒரு போன் போட வேண்டும் என்று நோயாளி கேட்டார். "டிபனுக்கு அப்புறம் பார்க்கலாம்ணே" என்றார் சிஸ்டர். 6.30-க்கு மறுபடி கேட்டார். புது அட்மிஷன் வந்திருந்தது. "அப்புறம்" என்பதே பதில். 7.10-க்கு ஹாலில் வேகமாக நடை, உரத்த பாட்டு, பக்கத்துப் படுக்கைக்காரரோடு வாக்குவாதம். கேஸ் ஷீட்டில் எழுதியது இரண்டே சொல்: "ஓவர் ஆக்டிவ், அப்யூசிவ்."

7.40-க்குச் சாப்பாட்டு வண்டி வந்தது. தட்டை வாங்காமல் வண்டியை உதைத்தார். ஐம்பது வயது அட்டெண்டர், "போய் உட்காருடா. ரொம்ப ஆடினா கீழ்ப்பாக்கம் அனுப்பிடுவாங்க" என்றார். "இன்னா, நீ என்னை அனுப்புவியா? மவனே, இன்னைக்கு இருக்கு உனக்கு."

7.45-க்கு இரவு ஷிஃப்ட் வந்தது. நான்கு நர்ஸ்களும் கண்ணாடி அறைக்குள் ஹேண்டோவரில், அதாவது பொறுப்பைக் கைமாற்றும் பேச்சில். ஹாலில் 17 நோயாளிகள், ஒரு அட்டெண்டர். நோயாளி கண்ணாடியைத் தட்டினார். உள்ளிருந்து கை காட்டி "பெட்டுக்குப் போங்க" என்றார்கள். 7.52-க்கு ஐ.வி. ஸ்டாண்டைத் தூக்கி அட்டெண்டரை அடித்தார். முன்கையில் ஒரு அடி, புருவத்துக்கு மேலே ஒரு கிழிசல்.

பெல் கிடையாது, கத்தித்தான் கூப்பிட வேண்டியிருந்தது. செக்யூரிட்டி மேலே வர நான்கு நிமிடம் ஆனது. ஆறேழு பேர் சேர்ந்து அமுக்கினார்கள்: குப்புற, தரையில், ஒருவர் முழங்காலை முதுகில் ஊன்றி. "மூச்சு விட முடியல" என்று அவர் சொன்னபோது "பேசறான்ல, மூச்சு வருது" என்றார் ஒருவர். மூத்த சிஸ்டர் சத்தம் போட்ட பிறகு திருப்பினார்கள்.

டியூட்டி டாக்டர் போனில் சொன்னது செரினேஸ்–பெனர்கன். செரினேஸ் என்பது ஹாலோபெரிடால். பெனர்கன், அதாவது ப்ராமெத்தசின், வார்டில் தீர்ந்திருந்தது. ஹாலோபெரிடால் 10 மி.கி. மட்டும் தசையில் போட்டார்கள். 8.10-க்கு காஸ் பேண்டேஜ் சுருளால் கைகால் நான்கையும் கட்டிலில் கட்டினார்கள். 9 மணிக்குத் தூங்கிவிட்டார். கட்டு அவிழ்ந்தது காலை 6.30-க்கு.

நடு இரவு 2.40-க்கு அவர் கழுத்து ஒரு பக்கமாக முறுக்கி, கண்கள் மேலே செருகின. "நாடகம்" என்று நினைத்தார்கள். 6.15-க்குக் கேஷுவாலிட்டியிலிருந்து ப்ராமெத்தசின் 50 மி.கி. வாங்கி வந்து போட்டதும் அரை மணிக்குள் கழுத்து நேரானது.

அடிக்கு முன்னால் இரண்டு மணி நேரம்

நிகழ்வுப் பதிவேட்டில் "திடீரென்று தாக்கினார்" என்று எழுதியிருந்தது. 6.30 முதல் 7.52 வரை 82 நிமிடம் ஏறிக்கொண்டே போன ஒன்றைத் திடீர் என்பது வசதியான பொய்.

நார்வேயில் உருவான ப்ரோசெட் வன்முறைப் பட்டியலில் ஆறே கேள்விகள்: குழப்பம், எரிச்சல், ஆரவாரம், வாயால் மிரட்டல், உடலால் மிரட்டல், பொருளைத் தாக்குதல். இருந்தால் 1, இல்லையென்றால் 0. மொத்தம் 1, 2 என்றால் கவனம். 2-ஐத் தாண்டினால் உடனே திட்டம் வேண்டும். அடுத்த 24 மணி நேரத்துக்கான கணிப்பு இது. போட ஒரு நிமிடம்கூட ஆகாது. இவருக்குப் போட்டிருந்தால் 6.30-க்கு 1, 7.10-க்கு 2. வண்டியை உதைத்து, "இருக்கு உனக்கு" என்றதும் 4. அப்போது ஹேண்டோவரை நிறுத்தியிருக்க வேண்டும்.

7.10-தான் மருந்துக்கான நேரமும். இரவு 8 மணி ஒலான்சபினை வாயில் கரையும் மாத்திரையாக அப்போதே கொடுத்திருக்கலாம், லோராசிபாம் 2 மி.கி. சேர்த்து. டாக்டரிடம் ஒரு போன், ஒரு டம்ளர் தண்ணீர், முடிந்தது. வாய்வழியே கொடுக்க முடிந்த நேரத்தைத் தவறவிட்ட பிறகுதான் பெரும்பாலான ஊசிகள் தேவைப்படுகின்றன. ஊசி போடுவதில் கைதேர்ந்த வார்டை நல்ல வார்டு என்று நாம் நினைத்துக்கொள்வதுதான் இதில் வேடிக்கை.

போன் விஷயத்தில் வார்டுக்குச் சாக்கே இல்லை. நியாயமான நேரத்தில், நிறுவன விதிகளுக்கு உட்பட்டு போன் பேசுவது 2017 சட்டத்தின் பிரிவு 26 தரும் உரிமை. மேனியாவில் இருப்பவர் ஊரெல்லாம் போன் போட்டுக் கடன் வாங்குவார் என்ற பயம் நியாயமானது. அதற்கு வழி மறுப்பதல்ல. சிஸ்டர் பக்கத்தில் இருக்க, ஒரு எண்ணுக்கு, ஐந்து நிமிடம். முடியவில்லை என்றால் "6.45-க்கு நானே வந்து கூப்பிடுறேன்" என்று நேரம் சொல்லி, சின்ன நோட்டில் எழுதி, அந்த நேரத்துக்குப் போக வேண்டும். "அப்புறம்" என்பதற்கு வார்டில் நேரம் கிடையாது, நோயாளிக்கும் அது தெரியும்.

இங்கிலாந்தில் லென் பவர்ஸ் குழு 15 மருத்துவமனைகளின் 31 வார்டுகளில் சோதித்த சேஃப்வார்ட்ஸ் முறை இத்தகைய சின்ன விஷயங்களால் ஆனது: மென்மையாக மறுப்பது, கெட்ட செய்தி வந்தவரை முன்கூட்டிக் கவனிப்பது, பரஸ்பர எதிர்பார்ப்புகளை வெளிப்படையாக எழுதி ஒட்டுவது. 2015-ல் வெளியான முடிவின்படி மோதல்கள் 15 சதவீதமும், பிடித்து அடக்குதல், தனியே அடைத்தல் போன்ற கட்டுப்படுத்தல்கள் 26.4 சதவீதமும் குறைந்தன. அங்குள்ள ஆள்பலம் இங்கே இல்லைதான். ஆனால் தம்பி வந்துபோனதும் "என்னண்ணே, என்ன சொல்லிட்டுப் போனாரு?" என்று கேட்கக் கூடுதல் ஆள் வேண்டாம்.

அட்டெண்டர் பேச்சுக்கு வருவோம். "டா" போட்டது ஒன்று. கீழ்ப்பாக்கம் என்று மிரட்டியது இன்னொன்று. சென்னையில் அந்தப் பெயரே வசவு. மனநல வார்டுக்குள், சீருடை போட்ட ஆள் வாயிலிருந்து வரும்போது அது வெறும் வசவு மட்டும் அல்ல, தண்டனை அறிவிப்பு. அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில் பயனில்லை. ஏஜென்சி மூலம் வந்தவர். பெருக்குவது, துடைப்பது, சாப்பாடு தருவது தவிர எந்தப் பயிற்சியும் அவருக்குத் தரப்படவில்லை. 17 பேரோடு அவரைத் தனியே விட்டது வார்டு.

குடிப் பின்விளைவா, மேனியாவா?

கேஸ் ஷீட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தினமும் குடித்தவர், கடைசியாகக் குடித்து மூன்று நாள். மது நிறுத்தலில் வரும் டெலிரியம், அதாவது கடும் புத்திக் குழப்பம், பொதுவாக 48 முதல் 72 மணி நேரத்தில் தலைகாட்டும். அது உயிர் போகும் நிலை. அதற்கு முதல் மருந்து லோராசிபாம் போன்ற பென்சோடயசெபின். ஹாலோபெரிடால் மட்டும் போட்டால் வலிப்பு எளிதில் வந்துவிடும்.

பிரித்தறிய இரண்டு நிமிடம் போதும். இன்று என்ன கிழமை, இது எந்த இடம், என்னை யாரென்று தெரிகிறதா? நீட்டிய கையில் நடுக்கம் உண்டா? வியர்வை, காய்ச்சல், நாடித்துடிப்பு? இல்லாத பூச்சியைத் தட்டிவிடுகிறாரா? இவர் நாள், இடம், ஆள் எல்லாம் சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார், நடுக்கம் இல்லை. ஆக மேனியாதான். அது தற்செயலாகச் சரியாக அமைந்தது, பார்த்து முடிவுசெய்ததல்ல. முரட்டுத்தனம் காட்டும் எவருக்கும், பிடித்த பிறகாவது, குளுக்கோமீட்டரும் விரலில் ஆக்ஸிமீட்டரும் வைக்க வேண்டும். சர்க்கரை 45-க்கு இறங்கியவரும் ஆளை அடிப்பார்.

பேச்சில் தணிப்பது

7.40-க்கு நடந்திருக்க வேண்டியது இது. ஒருவர் மட்டும் பேசுகிறார், அவருக்கு ஏற்கனவே பழக்கமான சிஸ்டர். இரண்டு கை நீள இடைவெளி. நேருக்கு நேர் நிற்காமல் சற்றுச் சாய்வாக, கைகள் தெரியும்படி. கதவு இருவருக்கும் திறந்திருக்க வேண்டும். நோயாளியை மூலையில் தள்ளக் கூடாது, சிஸ்டரும் மூலையில் மாட்டக் கூடாது. கழுத்தில் தொங்கும் ஐ.டி. கயிறு, பேனா, கத்தரிக்கோல் முன்பே கழற்றியாகிவிட்டது. மற்ற நோயாளிகளை ஆயாம்மா சாப்பாட்டு அறைக்குக் கூட்டிப்போகிறார். ஐ.வி. ஸ்டாண்ட் அறைக்குள் பூட்டப்படுகிறது.

"அண்ணே, போன் கேட்டு ரெண்டு மணி நேரம் ஆச்சு. கோவம் நியாயம்தான்."

"நாளைக்கு நைட்டு போட்டு கிளம்புது சிஸ்டர். என் எடத்துல வேற ஆளப் போட்டாச்சுன்னா யாரு பதில் சொல்வா?"

"அதத்தான் கேக்கணும். இப்பவே பேசலாம், நான் கூட இருக்கேன். அதுக்கு முன்னாடி அந்த வண்டிகிட்ட இருந்து இப்படி வந்து உக்காருங்க. மாத்திரை இப்ப போட்டுக்கிறீங்களா, பேசி முடிச்சிட்டா?"

கடைசிக் கேள்வியைக் கவனிக்க வேண்டும். மாத்திரை உண்டா இல்லையா என்று கேட்கவில்லை; எப்போது என்பதை அவர் முடிவுக்கு விட்டார். பேச்சில் தணிப்பதற்குச் சிலசமயம் அரை மணி ஆகும், சிலசமயம் பலிக்காது. மிரட்டல், பேரம், நாலு பேர் சூழ்ந்து ஆளுக்கொரு கட்டளை கொடுப்பது ஆகியவை நிச்சயம் பலிக்காது.

பிடிப்பது

ஆயுதம் கையில் இருக்கும்போது யாரும் பாயக் கூடாது. மற்றவர்களை அப்புறப்படுத்தி, கதவைக் காத்து, ஆள் சேரும்வரை தள்ளி நிற்பதுதான் வேலை. பிடிக்கும்போது ஐந்து பேர் போதும்: கை ஒன்றுக்கு ஒருவர், கால் ஒன்றுக்கு ஒருவர், தலைமாட்டில் ஒருவர். தலைமாட்டில் நிற்பவர்தான் தலைவர். நோயாளியிடம் பேசுவதும், மூச்சையும் முகநிறத்தையும் பார்ப்பதும், "இப்போது", "விடு" என்று சொல்வதும் அவர் மட்டுமே. மற்றவர்கள் பெரிய மூட்டுக்குப் பக்கத்தில் பிடிக்க வேண்டும். விரல், மணிக்கட்டை முறுக்குவது எலும்பு முறிவில் முடியும்.

குப்புறப் போடுவது கூடாது. தவிர்க்க முடியாமல் விழுந்துவிட்டால் நொடிகளில் திருப்ப வேண்டும். முதுகு, மார்பு, கழுத்து, வயிறு ஆகிய எதிலும் எடை படக் கூடாது. போராடும் உடலுக்குச் சாதாரணத்தைவிட அதிக மூச்சு தேவை; நெஞ்சுக்கூடு விரிய இடமில்லை என்றால் சில நிமிடங்களில் இதயம் நின்றுவிடும். "பேசுகிறார், ஆகவே மூச்சு வருகிறது" என்ற நம்பிக்கை பல நாடுகளில் உயிர்களை வாங்கியிருக்கிறது. இரண்டு வார்த்தை பேசக் கொஞ்சம் காற்று போதும். உயிர் வாழ அது போதாது. திமிறியவர் சட்டென அடங்கினால் அதை வெற்றி என்று எடுக்காமல் நாடி பார்க்க வேண்டும்.

ஊசி

இந்த விஷயத்தில் உலகுக்குச் சான்று தந்ததில் நம் வேலூருக்குப் பங்குண்டு. 2004-ல் வெளியான வேலூர் ஆய்வில் 200 பேருக்கு லோராசிபாம் 4 மி.கி. அல்லது ஹாலோபெரிடால் 10 மி.கி.யோடு ப்ராமெத்தசின் 25 முதல் 50 மி.கி.; இரண்டும் அமைதிப்படுத்தின, பின்னது வேகமாக. 2007-ல் பிரேசிலில் ஹாலோபெரிடாலைத் தனியாகவும் ப்ராமெத்தசினோடு சேர்த்தும் ஒப்பிட்டபோது, தனியாகப் பெற்றவர்களில் 10 பேருக்குத் தசை முறுக்கம் வந்தது. சேர்த்துப் பெற்றவர்களில் ஒருவருக்கும் இல்லை.

இவருக்கு 2.40-க்கு வந்ததும் அதுதான். இளம் ஆண்களுக்கு இது அதிகம் வரும். குரல்வளைத் தசைக்குப் பரவினால் மூச்சடைக்கும். கழுத்து, நாக்கு, தாடை, கண் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இழுத்துக்கொண்டால் அதை நடிப்பு என்று யாரும் முடிவுசெய்யக் கூடாது. ப்ராமெத்தசின் போட்டுப் பார்ப்பதே சோதனை, அதுவே வைத்தியம்.

ஆகவே அவசரத் தட்டில் ஹாலோபெரிடால் 5 மி.கி. ஆம்பூல் 4, ப்ராமெத்தசின் 50 மி.கி. ஆம்பூல் 4, லோராசிபாம் 2 மி.கி. ஆம்பூல் 4 (இது 2 முதல் 8 டிகிரி ஃபிரிட்ஜில்), 5 மி.லி. சிரிஞ்சு, ஆம்பு பேக் (கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் பை), ஆக்ஸிஜன், ஃப்ளூமசெனில் (லோராசிபாமுக்கு மாற்று மருந்து) இருக்க வேண்டும். ஒவ்வொரு ஷிஃப்டும் எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும். ப்ராமெத்தசின் இல்லையென்றால் டாக்டரிடம் சொல்லி லோராசிபாமுக்கு மாற வேண்டும். ஒலான்சபின் ஊசி போட்டவருக்கு அதோடு லோராசிபாம் ஊசி கூடாது, மூச்சு மந்தப்படும். டயசெபாமைத் தசையில் போடுவது வீண், உறிஞ்சப்படுவது ஒழுங்காக இருக்காது. இதய நோய் இருப்பவருக்கும் பழைய இ.சி.ஜி. இல்லாதவருக்கும் ஹாலோபெரிடாலில் யோசனை வேண்டும்.

போட்ட பிறகு முதல் ஒரு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை நாடி, ரத்த அழுத்தம், மூச்செண்ணிக்கை, ஆக்ஸிஜன், விழிப்பு நிலை. காய்ச்சலும் பார்க்க வேண்டும். உடல் விறைப்போடு காய்ச்சல் வந்தால் அது வேறு அவசரம். இந்த வார்டில் கட்டம் போட்ட தாள் நிரம்பியிருந்தது, ஒரே மையில், ஒரே கையெழுத்தில், எல்லா நேரத்துக்கும் நாடி 78.

கட்டிவைத்த பத்து மணி நேரம்

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டிப்போட்ட 28 பேர் தீயில் கருகிய மாநிலம் இது. 2017 சட்டம் சங்கிலியை முற்றாகத் தடைசெய்தது, தனிமையில் அடைப்பதையும் தடைசெய்தது. கட்டிவைப்பதைப் பிரிவு 97 மிகக் குறுகலாக அனுமதிக்கிறது: உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, சிகிச்சைக்குப் பொறுப்பான மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவைக்கு ஒரு நிமிடம்கூட மிகாமல். முறை, காரணம், நேரம் உடனே எழுதப்பட வேண்டும். நியமனப் பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். மாதாமாதம் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு அறிக்கை போக வேண்டும்.

இங்கே மருத்துவர் அனுமதி காலையில் முன்தேதியிட்டு வாங்கப்பட்டது. அம்மாவுக்குத் தகவல், மறுநாள் மாலை அவரே வந்து மணிக்கட்டில் தழும்பைப் பார்த்தபோதுதான். 9 மணிக்குத் தூங்கியவரை ஏன் 6.30 வரை கட்டிவைத்தீர்கள் என்றதற்கு, நைட்டில் ரெண்டு பேர்தான் என்றார்கள். ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டிக் கட்டக் கூடாது என்று அதே பிரிவு சொல்கிறது. உண்மையில் அந்த இரவு கட்டு அவிழாததற்குக் காரணம் பயம். அது புரிந்துகொள்ளக்கூடிய பயம். ஆனால் மருந்தில் ஆழ்ந்து தூங்குபவரை மல்லாக்கக் கட்டினால் வாந்தி வந்தால் திரும்ப முடியாது.

காஸ் சுருள் இழுக்க இழுக்கக் கயிறாகும். பஞ்சு வைத்த அகலமான துணிப்பட்டை வேண்டும், உள்ளே இரண்டு விரல் நுழைய வேண்டும், முடிச்சு கட்டிலின் அசையும் பாகத்தில் இருக்கக் கூடாது, தலைமாடு உயர்ந்திருக்க வேண்டும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை விரல் நிறமும் சூடும் பார்ப்பவரே "இன்னும் தேவையா" என்றும் கேட்டு எழுத வேண்டும். தண்ணீர், சிறுநீர். அவிழ்க்கும்போது ஒவ்வொன்றாக, ஆனால் ஒரே ஒரு கையை மட்டும் கட்டில் விட்டுவைக்கக் கூடாது, எழுந்து விழுந்து தோளை முறித்துக்கொள்வார்.

அதன் பிறகு

வார்டில் மாற்றியவை பெரிய செலவில்லாதவை. ஹேண்டோவர் நேரத்தில் ஒரு நர்ஸ் எப்போதும் ஹாலில். சாப்பாட்டு நேரமும் ஷிஃப்ட் மாற்றமும் மோதாதபடி சாப்பாடு 7 மணிக்கு. நர்ஸ் அறையிலும் ஹாலிலும் பெல். ப்ரோசெட் ஷிஃப்டுக்கு ஒருமுறை. போன் நோட்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை செக்யூரிட்டியையும் சேர்த்துப் பிடிக்கும் ஒத்திகை. அவர்களை விட்டுவிட்டு நர்ஸ்களுக்கு மட்டும் பயிற்சி தருவது எப்போதும் நடக்கும் கூத்து.

நோயாளியிடம் மூன்றாம் நாள் உட்கார்ந்து பேசினார்கள். அடித்ததை நினைவு வைத்திருந்தார், வெட்கப்பட்டார். குப்புறப் போட்டதையும் கழுத்து இழுத்துக்கொண்டதையும் சொன்னார். ஹாலோபெரிடால் தனியாகக் கூடாது என்பது கேஸ் ஷீட் முதல் பக்கத்தில் சிவப்பில் ஏறியது. அடுத்தமுறை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதை முன்விருப்ப ஆவணமாக எழுதிவைக்கப் பிரிவு 5 வழிசெய்கிறது. தெளிந்த பிறகு எழுதித் தருவதாகச் சொன்னார். பார்த்துக்கொண்டிருந்த மற்ற நோயாளிகளிடம் பேச யாருக்கும் தோன்றவில்லை. இரண்டு பேர் அந்த வாரம் தூங்கவில்லை.

அட்டெண்டருக்குப் புருவத்தில் நான்கு தையல், டி.டி. ஊசி, முன்கைக்கு எக்ஸ்ரே. விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லி அவரேதான் கேட்க வேண்டியிருந்தது, அந்த ஏ.ஆர். நகல் இல்லாமல் இ.எஸ்.ஐ.யில் எதுவும் நகராது. புகார் கொடுக்கும் உரிமை அவருக்கு உண்டு. மருத்துவப் பணியாளர் மீதான வன்முறையைத் தடுக்கத் தமிழ்நாட்டுக்கு 2008 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. மறுபக்கம், செய்வது என்னவென்று அறிய முடியாத மனநிலையில் செய்ததைக் குற்றமாகக் கொள்ளாத பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 22-ம் இருக்கிறது; எது பொருந்தும் என்பது நீதிமன்றத்தின் வேலை. "நீயும் வாய் விட்டேல்ல" என்று சொல்லி அவரைப் புகாரிலிருந்து தடுப்பது மேற்பார்வையாளரின் வேலை அல்ல. ஆறு நாள் விடுப்பு; ஏஜென்சி அதைச் சம்பளமில்லா விடுப்பாகப் போட்டது. மருத்துவமனை எழுதிக் கேட்ட பிறகு அடுத்த மாதம் அந்தப் பணம் வந்தது. மஞ்சள் காமாலை பி தடுப்பூசி அதுவரை அவருக்குப் போட்டிருக்கவில்லை. முதல் தவணை தையல் பிரித்த அன்று, மற்றவை ஒரு மாதத்திலும் ஆறு மாதத்திலும். ஒப்பந்தப் பணியாளர் எல்லோருக்கும் வேலைக்குச் சேரும் வாரமே அது போடப்பட வேண்டும் என்று ஏஜென்சி ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்ந்தது.